தண்ணீர் படக்கூடாத பல்

கந்தர்வக்கோட்டையில் எனக்குப் பூச்சிமருந்துக் கடை. முந்திரிக்கு எது அடிக்கலாம், நெல்லுக்கு எது அடிக்கலாம் என்று ஊருக்கே யோசனை சொல்கிற ஆள் நான். ஒன்பதாவது படிக்கும் மகளின் பல் விஷயத்தில்தான் வெலவெலத்துப் போனேன்.

புதுக்கோட்டையில் அவளுக்குப் பல்லில் கம்பி கட்டினோம். கம்பியைத் தாங்க ஒவ்வொரு பல்லிலும் சின்ன உலோகத் துண்டு. அதை ஒட்டப் பசை.

"இதுல கண்ணுக்கே தெரியாத வெள்ளித் துகள் கலந்திருக்கு சார். ஓரத்துல கிருமி சேர விடாது" என்றார் டாக்டரம்மா.

கிருமியைக் கொல்லும் என்றால் என் கணக்கில் விஷம். டப்பாவில், கொடிய பூச்சிமருந்துக்குப் போடுகிற சிவப்பு முக்கோணம் இருக்கிறதா என்று எட்டிப் பார்த்தேன். "புள்ள முழுங்கிட்டாள்னா?"

"ரொம்பக் கொஞ்சந்தான், பசைக்குள்ளயே இறுகிடும். பயப்படாதீங்க."

வீடு வந்து சேர்வதற்குள் பயம் வேறு பக்கம் திரும்பிவிட்டது. விஷம் இல்லையென்றால் மருந்து. மருந்து என்றால் தண்ணீரில் கழுவிப் போய்விடக் கூடாதே! மருந்து அடித்த அன்றே மழை பெய்து, என் கடை வாசலில் தலையில் கை வைத்து உட்கார்ந்தவர்கள் எத்தனை பேரைப் பார்த்திருக்கிறேன்.

"ஆத்தா, கம்பிப் பக்கம் பிரஷ் போகக் கூடாது. மேலாப்புல தேய்ச்சாப் போதும்."

"டாக்டர் நல்லாத் தேய்க்கச் சொன்னாங்களேப்பா."

"அவுங்களுக்குப் பல்லு தெரியும். மருந்து எனக்குத் தெரியும்."

பொழுதுக்கும் கேலி பேசுகிற அப்பன் நான். நான் சொல்வதில் பாதியை அவள் நம்புவதில்லை. அன்று சிரிக்காமல் சொன்னேன், நம்பிவிட்டாள்.

மாதாமாதம் காட்ட வேண்டும். முந்திரி பூவெடுக்கும் சமயம், கடையை விட்டு நகர முடியாமல் இரண்டு தடவை தள்ளிப்போட்டேன். மூன்றாம் மாதம் போனபோது, முன்பல் இரண்டிலும் உலோகத் துண்டைச் சுற்றிச் சுண்ணாம்பு பூசியது போல வெள்ளை.

"பல்லு அரிக்க ஆரம்பிச்சிருக்கு. ஏம்மா, தேய்க்கவே இல்லையா?"

மகள் என் பக்கம் திரும்பவில்லை. "சோம்பேறித்தனம் டாக்டர்" என்றாள்.

வாயைத் திறந்தேன். எந்த இடத்திலும் முந்திக்கொண்டு வருகிற வேடிக்கைப் பேச்சு அன்று வரவில்லை.

"நாந்தாங்க வேணாம்னேன். மருந்து கழுவிட்டுப் போயிடுமேன்னு."

டாக்டரம்மா சிரித்திருக்கலாம். சிரிக்கவில்லை.

"பிரஷ் பட்டா அது போகாது சார். ஆனா அது ஒட்டின ஓரத்துலதான் கொஞ்சம் காவல் காக்கும். தேய்க்கிற வேலையை அது செய்யாது. இந்த வெள்ளை மங்கலாம். முழுசாப் போகும்னு சொல்ல முடியாது."

அவளைப் பின்னால் உட்காரவைத்து வண்டியைத் திருப்பினேன். ஊர் நெருங்கியதும் கேட்டேன். "ஏத்தா பொய் சொன்னே?"

"மருந்து தெரிஞ்ச ஆளுன்னு ஒனக்கு ஒரு பேரு இருக்குல்லப்பா."

இப்போது தினமும் காலையில் அவள் பல் தேய்க்கையில் குழாயடியில் போய் நிற்கிறேன். "தண்ணி படுதேப்பா, பரவால்லயா?" என்று வாய் நிறைய நுரையோடு கேட்கிறாள். படட்டும் என்கிறேன். கொப்பளித்துவிட்டு உதட்டை விலக்கிக் காட்டுகிறாள். அவள் முகத்தை வெயில் பக்கம் திருப்பிப் பார்க்கிறேன்.

அந்த வெள்ளை இன்னும் இருக்கிறது.