ஆட்டிப் பார்த்தவள்

சொந்தக்காரர்களிடம் பழைய வண்டி வாங்கினால் சோதித்துப் பார்க்கக் கூடாது. எங்கள் பக்கத்தில் இது எழுதாத சட்டம். பானெட்டைத் தூக்கினாலே, எங்கள் மேல் நம்பிக்கை இல்லையா என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார்கள். வெளியாளிடம் வாங்கும்போது நாலு மெக்கானிக்கைக் கூட்டிப்போகிறவர்கள், மச்சான் கொடுத்தால் கண்ணை மூடிக்கொண்டு சாவியை வாங்குவார்கள். ஏமாற்ற நினைக்கிறவனுக்கு இதைவிட என்ன வசதி வேண்டும்?

கடலூர் முதுநகரில் இருக்கும் என் அண்ணனுக்கு அந்த வசதி நன்றாகத் தெரியும். தன் டீசல் காரை என் வீட்டுக்காரருக்குக் கொடுப்பதாக அவனே வலிய வந்து சொன்னான். என் வீட்டுக்காரர் அப்போது சிதம்பரத்தில் அடுத்தவர் வண்டியைச் சம்பளத்துக்கு ஓட்டிக்கொண்டிருந்தார். சொந்த வண்டி வந்தால் பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றலாம், கல்யாண சவாரிக்குப் போகலாம் என்று ஒரே கனவு. என் வளையல்கள் அதில்தான் போயின.

நான் சிதம்பரத்தில் ஓர் ஒர்க்‌ஷாப்பில் டர்போ சர்வீஸ் செய்கிறவள். வண்டி புகை தள்ளினால், இழுவை குறைந்தால், எஞ்சினுக்குக் காற்றை அழுத்தித் தள்ளும் அந்த டர்போவைத் திறந்து தேய்மானம் பார்த்துச் சொல்வது என் வேலை. ஊரான் வண்டியை எல்லாம் பார்க்கலாம், என் வீட்டுக்கு வரும் வண்டியை மட்டும் பார்க்கக் கூடாது. நல்ல நியாயம்.

அன்றைக்கு அண்ணன் வீட்டில் சாப்பாடு. அண்ணி ஒரு தட்டில் வெற்றிலை பாக்கு, பூ, நடுவில் கார் சாவி எல்லாம் வைத்திருந்தாள். ஆண்கள் கை கழுவப் போன நேரத்தில் நான் ஸ்க்ரூடிரைவரோடு தெருவுக்குப் போனேன். வண்டி ஆறிக் கிடந்தது. டர்போவுக்குக் காற்று போகும் ஹோஸைக் கழற்றினேன். ஓடிய வண்டியின் ஹோஸில் லேசாக எண்ணெய்ப் பிசுக்கு இருக்கும். இது கழுவிக் கவிழ்த்த டம்ளர் மாதிரி இருந்தது. முகர்ந்தேன். பெட்ரோல் வாடை. எண்ணெய்க் கசிவு தெரியக் கூடாதென்று யாரோ உட்கார்ந்து துடைத்திருக்கிறார்கள்.

விரலை உள்ளே விட்டு, டர்போவின் சுழல்தண்டான ஷாஃப்ட்டின் நுனியைப் பிடித்தேன். மேலும் கீழும் ஆட்டினால் கொஞ்சம் ஆடத்தான் செய்யும். அது எண்ணெயில் மிதந்து சுற்றுகிற சாமான், அந்த ஆட்டம் குற்றமில்லை. ஆனால் முன்னும் பின்னும் இழுத்துத் தள்ளும்போது கைக்கு அசைவு தெரியக் கூடாது. இது டக் டக்கென்று வந்து போயிற்று. டார்ச் அடித்துப் பார்த்தேன். அதன் விசிறி பிளேடுகளின் ஓரம் உட்சுவரில் உரசிப் பளபளவென்று தேய்ந்திருந்தது. எந்த நாள் வேண்டுமானாலும் உடையும்.

நிமிர்ந்தால் அண்ணன் நிற்கிறான். ஹோஸைக் கழுவியது யார் என்று கேட்டேன். அவன் கோபப்படவில்லை, அதை நினைத்தால்தான் எனக்கு இன்றும் வயிறு எரிகிறது. சிரித்த முகமாகக் குரலைத் தாழ்த்திச் சொன்னான்.

“பாப்பா, ஹோஸ மாட்டிட்டு உள்ள வா. உம் பொண்ணுக்கு அடுத்த மாசம் காது குத்தறப்ப மடியில வெச்சிக்க மாமன் வேணுமா, வேணாமா?”

எனக்கு ஒரே அண்ணன். தாய்மாமன் மடி இல்லாமல் பிள்ளைக்குக் காது குத்தினால், பிறந்த வீடு இல்லாதவள் என்று என் மாமியார் வீட்டார் காலத்துக்கும் குத்திக்காட்டுவார்கள். அவனுக்கு அது தெரியும். எனக்கும் தெரியும். ஆனாலும் அந்தக் காரில் என் பிள்ளையும் ஏறும், ஊரார் பிள்ளைகளும் ஏறுவார்கள். உள்ளே போய் எல்லோர் முன்னாலும் சொன்னேன். டர்போ போய்விட்டது, அண்ணனுக்கு அது தெரியும், மறைக்கத்தான் துடைத்திருக்கிறான் என்றேன்.

என் வீட்டுக்காரர் என்னைப் பார்க்கவே இல்லை. தட்டிலிருந்து சாவியை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

“பொம்பள பேச்சக் கேட்டு மச்சான விட்டுடுவனா?” என்றார்.

கூடத்தில் எல்லோரும் சிரித்தார்கள். அண்ணி எனக்கு மட்டும் தாம்பூலம் கொடுக்கவில்லை.

இரண்டு வாரம் ஓடியது. ஒருநாள் காலை, பிள்ளைகளை ஏற்றப் போகும் முன்பே, புதுச்சத்திரம் தாண்டி டர்போ உடைந்து வண்டி நீலப் புகையைக் கக்கிக்கொண்டு நின்றுவிட்டது. வண்டியில் வேறு யாரும் இல்லாதது யார் செய்த புண்ணியமோ. இப்போதாவது அண்ணனை நாலு வார்த்தை கேட்பார் என்று எதிர்பார்த்தேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். இரண்டு பேரும் போனில் பேசி ஒரு முடிவுக்கு வந்தார்கள். நல்லாத்தான் இருந்தது, அவள் விரலை விட்டு ஆட்டினாள், அதில்தான் ஆட்டம் கண்டுவிட்டது. மாமனும் மச்சானும் அன்றுமுதல் முன்பைவிட ஜாஸ்தி ஒட்டிக்கொண்டார்கள்.

காதுகுத்து திருவந்திபுரத்தில். மகளுக்கு மொட்டை போட்டுச் சந்தனம் பூசியாயிற்று. ஆசாரி ஊசியோடு காத்திருக்கிறார். அண்ணன் வந்திருந்தான், சீர்வரிசையும் கொண்டுவந்திருந்தான். மணையில் மட்டும் உட்காரவில்லை. கைகட்டி நின்றுகொண்டு, அவள் வாயாலேயே சொல்லட்டும், பிறகு உட்காருகிறேன் என்றான். எதைச் சொல்ல வேண்டும் என்று யாரும் விளக்கவில்லை. என் வீட்டுக்காரர், சொல்லித் தொலை என்று கண்ணைக் காட்டினார். மகள் என் தோளில் பசியில் சிணுங்கிக்கொண்டிருந்தாள். எனக்கு அழுகை வரவில்லை. ஹோஸைக் கழுவிய கை அதோ கட்டிக்கொண்டு நிற்கிறதே என்ற ஆத்திரம்தான் வந்தது.

“நான் ஆட்டிப் பாத்ததுலதாண்ணா கெட்டுப்போச்சு” என்றேன்.

“அங்க பின்னாடி நிக்கிறவுங்களுக்குக் கேக்கல” என்றான்.

சத்தமாக இன்னொரு தரம் சொன்னேன். அவன் உட்கார்ந்து கையை நீட்டினான். பிள்ளையைக் கொடுத்தேன். ஊசி இறங்கியதும் அவள் வீறிட்டாள். கூட்டம் சந்தோஷமாகச் சிரித்தது.

நான் தெரிந்தே தப்பாகச் சொன்ன டர்போ அது ஒன்றுதான். அதை மட்டும் எல்லோரும் நம்பினார்கள். அன்றைக்கு வந்திருந்த சொந்தக்காரர்களில் ஒருவர்கூட இதுவரை என்னிடம் வண்டி கொண்டுவந்ததில்லை. வேறு டர்போ மாட்டி ஓடுகிற அந்தக் காரை, என் வீட்டுக்காரர் நெய்வேலியில் வேறொரு மெக்கானிக்கிடம் கொண்டுபோய்க் காட்டுகிறார்.