மெர்சியின் கடலில் நான் ஏற்றிய நீலம்

1. காணாமல் போன கட்டம்

வீடியோ வகுப்பில் மெர்சியின் கட்டம் திரையிலிருந்து மறைந்தபோது சனிக்கிழமை சாயங்காலம் ஐந்தே கால். காரணம் நான்தான். பேரை மாற்றித்தான் எழுதுகிறேன். அந்தப் பிள்ளைக்கு இனியும் என்னால் ஒன்று வந்துவிடக் கூடாது.

மனச்சோர்வில் இருக்கும் கல்லூரிப் பிள்ளைகளுக்கு ஓவியம் வழியாக ஆன்லைனில் சிகிச்சை தரும் குழுவில் நான் டெக்னிக்கல் ஆள். சிகிச்சை தருவது மதுரையிலிருந்து பேசும் மேடம். நான் முத்தையாபுரத்தில் வீட்டில் இருந்தபடி லிங்க் அனுப்புவேன், வெயிட்டிங் ரூமில் நிற்பவர்களை உள்ளே விடுவேன், பிள்ளைகள் போனில் எடுத்து அனுப்பும் படங்களைத் திரையில் காட்டுவேன். எட்டாம் வகுப்போடு நின்றவன். இதற்கு முன் இருபது வருஷம் ஸ்டுடியோவில் கல்யாண ஆல்பம் போட்டேன். முகத்தில் பரு இருந்தால் எடுப்பேன். வானம் மங்கலாக இருந்தால் நீலம் ஏற்றுவேன். கேட்காமலே செய்தால்தான் அங்கே நல்ல வேலைக்காரன்.

மெர்சியின் அப்பா சரக்குத் தோணியில் மாலத்தீவுக்குப் போய்வருகிறவர். இரண்டாம் வாரம் அவள் அனுப்பிய படம் முழுக்கச் சாம்பல். கடல் எது, வானம் எது என்று பிரியவில்லை. கீழ் மூலையில் சின்னதாக ஒரு தோணி. இதை எல்லார் முன்னும் காட்டினால் பிள்ளை இன்னும் சோர்ந்துபோவாளோ? மேடமிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. பிரைட்னஸ் கூட்டினேன், கடலுக்கு நீலம் ஏற்றினேன், ஓரத்தில் விழுந்திருந்த அவள் பெருவிரலை கிராப் பண்ணி வெட்டினேன். மறுவாரம் திரையில் போட்டேன்.

"இது யாரு வரஞ்சது?" என்றாள்.

"உன் படம்தாம்மா. கொஞ்சம் கிளியர் பண்ணிருக்கேன்."

"எனக்குக் கடல் அப்படித்தான் தெரியுது அண்ணாச்சி, அதான் அப்படி வரஞ்சேன். வீட்ல எல்லாரும் சிரி சிரின்னு சொல்லுதாவ. நீங்க என் படத்தையே சிரிக்க வச்சிட்டிய."

அதோடு போய்விட்டாள்.

2. ஒரு வாரம்

மேடம் மற்ற ஆறு பேரையும் வரையச் சொல்லிவிட்டு அவள் போனுக்கு அடித்தார். சுவிட்ச் ஆஃப். அம்மா நம்பருக்கு அடித்தார். "ரூம்லதான் இருக்கா. கதவு திறந்துதான் கெடக்கு. பேசத்தான் மாட்டேங்கா" என்றார் அந்த அம்மா. அப்போதுதான் எனக்கு மூச்சே வந்தது. மேடம் மறுநாளும் கூப்பிட்டுப் பேசினார். அடுத்த வாரம் வருவாளா என்று மட்டும் அவள் அம்மாவுக்கும் தெரியவில்லை.

பிள்ளைகளை நான் நேரடியாகக் கூப்பிடக் கூடாது, அது விதி. கையில் போனை வைத்துக்கொண்டு நடந்தேன்.

"தரைய தேய்க்காம உக்காருங்க" என்றாள் என் மனைவி. "அந்தப் பிள்ள வரலேன்னா என்ன செய்விய?"

"அதாம்ளா தெரியல."

வேலையை விட்டுவிடுகிறேன் என்று மேடமிடம் சொன்னேன்.

"நீங்க விட்டுட்டா அந்தப் படம் சரியாயிடுமா? ஒரிஜினலை எடுங்க. சனிக்கிழமை வகுப்புல அவகிட்ட நீங்களே சொல்லுங்க" என்றார்.

ஒரிஜினலை அழிக்காத பழக்கம் ஒன்றுதான் ஸ்டுடியோ கற்றுக்கொடுத்த நல்லது.

3. சனிக்கிழமை

ஐந்து மணிக்கு ஆறு பேர். ஐந்து பத்துக்கும் ஆறு பேர். வெயிட்டிங் ரூமையே பார்த்துக்கொண்டிருந்தேன். கரண்ட் போய்விடுமோ, அவள் தட்டும்போது என் நெட் கட்டாகிவிடுமோ என்று வேறு பயம். ஐந்து பதினாலுக்கு 'மெர்சி' என்று வந்தது. உள்ளே விடும் பட்டனை அவசரத்தில் இரண்டு தடவை அழுத்தினேன்.

கேமரா ஆஃப்.

"தப்பு என்னோடதும்மா. கேக்காம உன் படத்துல கை வச்சிட்டேன்" என்று சொல்லி ஒரிஜினலைப் போட்டேன். அதே சாம்பல். பேப்பர் மடிப்பு, ஓரத்தில் பெருவிரல், எல்லாம்.



"என் விரலக்கூடவா வெட்டினிய?"

"ஆமா."

யாரோ ஒரு பையன் சிரித்துவிட்டான். அவள் கேமராவை ஆன் செய்தாள். முகம் தெரியவில்லை, ஒரு பேப்பரைத்தான் பிடித்திருந்தாள். அதுவும் சாம்பல்.

"இதையாவது தொடாதிய."

"தொடமாட்டேம்மா."

புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு ஒன்றுதான் சொல்வேன். படம் கோணலாக வந்தால் கோணலாகவே போடுங்கள், கறுப்பாக வந்தால் கறுப்பாகவே. மனசு கேட்கவில்லை என்றால் மேடமைக் கேளுங்கள். எனக்கும் இன்னும் மனசு கேட்பதில்லை. ஒவ்வொரு படத்தையும் போடுவதற்கு முன் ஒரிஜினலோடு இரண்டு தடவை ஒத்துப்பார்க்கிறேன், ஓரத்தில் விரல் விழுந்திருந்தால் அதுவும் அப்படியே இருக்கிறதா என்று.