அண்டா அக்காவின் பத்து மணிக் காபி

என் அக்காவுக்கு ஆலை கேன்டீனில் வைத்த பெயர் அண்டா. ஆள் பருமன் என்று நினைத்துவிடாதீர்கள், ஊதினால் பறந்துவிடுவாள். கல்யாணமான வருஷத்திலிருந்து அங்கே அண்டாவில் காபி போட்டது அவள்தான், அதனால் ஒட்டிக்கொண்ட பெயர். சங்கு ஊதியதும் கரண்டியால் அண்டாவின் விளிம்பில் இரண்டு தட்டுத் தட்டுவாள். நானூறு பேர் டம்ளரோடு வரிசையில் வந்து நிற்பார்கள். குடித்துவிட்டு, நீங்கள் மட்டும் வெளியே கடை போட்டால் எங்கேயோ போய்விடுவீர்கள் என்று ஆளுக்கொரு தடவை சொல்லிவிட்டுப் போவார்கள். சொல்வதற்கென்ன, காசா பணமா? அக்கா அதை மனசில் முடிந்துவைத்துக்கொண்டாள்.

ஒரு நாள் கேன்டீன் மேலாளரிடம் போய் வேலையை விடப்போகிறேன் என்று சொல்லியே விட்டாள். அவர் சிரித்தாராம். "காபி போடத் தெரிஞ்சவங்க எல்லாம் கடை போட்டா, குடிக்கிறதுக்கு யாரும்மா மிச்சம் இருப்பா?" என்று கேட்டுவிட்டு, சம்பளமில்லாமல் ஒரு மாதம் விடுப்புக் கொடுத்தார். மாதக் கடைசிக்குள் திரும்பி வந்தால் இடம் உண்டு, இல்லாவிட்டால் வேறு ஆள். அந்தச் சிரிப்பைப் பற்றி அக்கா சொன்னதும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நான் வேலை பார்த்த துணிக்கடைக்கு அன்றே கும்பிடு போட்டுவிட்டு அக்காவோடு சேர்ந்துகொண்டேன். கோபம் வந்தால் நான் முன்பின் பார்ப்பதில்லை.

கடை என்று பேர்தானே தவிர, அது மாடிப்படிக்குக் கீழே இருந்த ஒரு பொந்து. நிமிர்ந்து நின்றால் தலை இடிக்கும். ஒரு பக்கம் சாவி செய்கிறவர், மறுபக்கம் ஜெராக்ஸ் கடை, எதிரே ஆறு மாடி அலுவலகக் கட்டடம். சுவருக்கு மஞ்சள் பெயின்ட் நாங்களே அடித்தோம். அதில் பாதி எங்கள் மேல். டம்ளர்களை நான் அடுக்குவேன், அக்கா கலைத்துவிட்டு மறுபடி அடுக்குவாள். சந்தோஷத்தில் இருவருக்குமே தலைகால் புரியவில்லை.

திறந்த அன்று ஒரு அண்டாவை வாடகைக்கு எடுத்துத் தெருவுக்கே இலவசமாகக் காபி கொடுத்தோம். குடித்தவர்கள் சப்புக்கொட்டினார்கள். சாவிக்காரர் மூன்று முறை வந்தார், மூன்றாம் முறை சட்டையை மாற்றிக்கொண்டு.

மறுநாள் அண்டாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வியாபாரத்தை ஆரம்பித்தோம். கேட்கிறவர்களுக்குக் கேட்ட நேரத்தில், ஒவ்வொன்றாகச் சூடாகப் போட்டுக் கொடுத்தாள் அக்கா. காபிக்கடை என்றால் அதுதானே? வந்தவர்கள் பாதி டம்ளரை வைத்துவிட்டுப் போனார்கள். எப்படி இருக்கிறது என்று ஜெராக்ஸ் கடைப் பெண்ணிடம் கேட்டேன். பரவாயில்லை என்றாள். துப்பியிருந்தால்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். பரவாயில்லை என்றால் நாளைக்கு வரமாட்டேன் என்று அர்த்தம். சொன்னபடியே அவள் வரவில்லை.

அதே தூள், அதே பால், அதே கை. பாலில்தான் கோளாறு என்று முடிவுகட்டி, பால்காரரை நடுத்தெருவில் நிறுத்திச் சண்டை போட்டேன். அந்த மனுஷன் பாவம், என் கண்ணெதிரே பாலைக் குடித்துக் காட்டினார். அடுத்து தூள்கடைக்காரரிடம் போய்க் கத்தினேன். அக்கா மட்டும் யாரையும் குறை சொல்லவில்லை. தூளைக் கரண்டியில் எடுத்து, கொஞ்சம் தட்டிவிட்டு, மறுபடி சேர்த்து, மறுபடி தட்டிவிட்டுக்கொண்டே நிற்பாள். மாதம் பாதி ஓடிவிட்டது. துணிக்கடையில் என் இடத்துக்கு ஆளும் வந்துவிட்டாள்.

அத்தான் வேன் ஓட்டுகிறவர், பத்து கேள்விக்கு ஒரு பதில் சொல்கிற மனுஷன். ஞாயிற்றுக்கிழமை காலையில் வழக்கம்போல எங்கள் இருவருக்கும் காபி போட்டுக் கொண்டுவந்து வைத்தார். குடித்துக்கொண்டே, கடையில் மட்டும் ஏன் இப்படி ஆகிறது என்று நான் புலம்பினேன். அவர் அக்காவை ஒரு பார்வை பார்த்தார்.

"கல்யாணம் ஆனதுலேருந்து இந்த வீட்டுல காபி போடுறது யாரு?" என்று என்னைக் கேட்டார்.

"நீங்கதான்."

"ஏன்னு என்னிக்காவது யோசிச்சியா?"

அக்கா டம்ளரைக் கீழே வைத்தாள்.

"முதல் வாரம் உங்க அக்காதான் போட்டுக் குடுத்தா. வாயத் திறக்காம குடிச்சேன். அடுத்த வாரத்துலேருந்து நானே எழுந்திரிச்சிடுவேன். நானூறு பேருன்னா கண்ண மூடிக்கிட்டுப் போடுவா. ரெண்டு பேருக்கு இவ கை அடங்காது."

"இத்தனை வருஷமா ஏன் சொல்லல நீங்க?" என்றாள் அக்கா.

"நான் குடும்பம் நடத்த வேணாமா?"

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அக்காவுக்கு முதலில் கோபம்தான் வந்தது, பிறகு அவளும் சிரித்துவிட்டாள். சிரித்து முடித்ததும் எழுந்து செருப்பை மாட்டினாள். மத்தியானத்துக்குள் அத்தானின் வேனில் ஒரு புது அண்டா வந்து இறங்கியது. வாசலில் நுழையாமல் சாய்த்து உருட்டித்தான் அதைக் கடைக்குள் கொண்டுபோனோம்.

மறுநாள் வாசலில் பலகை வைத்தோம்: காபி காலை பத்து மணிக்கு, மாலை நாலு மணிக்கு. மற்ற நேரத்தில் கிடையாது. இது காபிக்கடையா, ரயிலா என்று சாவிக்காரர் கேட்டார். பத்து மணிக்கு அக்கா கரண்டியை எடுத்து இரண்டு தட்டுத் தட்டினாள். சாவிக்காரர் முதல் வாய் குடித்துவிட்டு என்னைப் பார்த்தார். டம்ளரை நீட்டி இன்னொன்று கேட்டார். அன்றைக்குப் பாதி அண்டா மிஞ்சியது. அதை அத்தான் வேனில் ஏற்றிக்கொண்டு போய் டிரைவர்களுக்கு ஊற்றிவிட்டு வந்தார்.

அந்த வாரம் முடிவதற்குள் அண்டாச் சத்தம் கேட்டதும் எதிர்க் கட்டடத்து ஜன்னல்களில் தலைகள் முளைத்தன. லிஃப்டுக்குக் காத்திராமல் படியில் தடதடவென்று இறங்கி ஓடிவந்தார்கள். சாவிக்காரர் பூட்டைப் பிரித்தது பிரித்தபடி போட்டுவிட்டு வந்தார். ஜெராக்ஸ் கடைப் பெண் வரிசையில் யார் முந்தினார்கள் என்று என்னிடமே வழக்குப் பேசினாள். வரிசையை ஒழுங்குபடுத்திக் கத்தியே எனக்குத் தொண்டை கட்டிவிட்டது. துணிக்கடையில் தொண்டை வற்றக் கத்தியிருக்கிறேன், ஆனால் இவ்வளவு சந்தோஷமாக ஒரு நாளும் கத்தியதில்லை.

மாதத்தின் கடைசி நாள், பத்து மணி வரிசை கலைந்து நாங்கள் அண்டாவைத் தேய்த்துக்கொண்டிருந்தபோது, கேன்டீன் மேலாளர் படிக்குக் கீழே குனிந்து எட்டிப் பார்த்தார். அவர் போகிறபோக்கில் வந்ததாகச் சொன்னதை நான் நம்பவில்லை. ஆலைக் காபியை வாயில் வைக்க முடியவில்லை என்று அங்கே தினமும் பஞ்சாயத்தாம். இன்றைக்குக் கடைசி நாள், நாளைக்கு வந்துவிடு, சம்பளத்தையும் பார்த்துச் செய்யலாம் என்றார். பிறகு பெஞ்சில் உட்கார்ந்தார்.

"சரி, முதல்ல ஒரு காபி குடும்மா. குடிச்சிட்டுப் பேசலாம்."

பழகிய மேலாளர், கேட்டுவிட்டார். அக்கா இரக்கப்பட்டு அந்த ஒற்றைக் காபியைப் போட்டுக் கொடுத்தால், அன்றைக்கு அவர் சிரித்தது சரிதான் என்று ஆகிவிடும். அக்கா கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

"ஒரு காபி எனக்குப் போடத் தெரியாது சார். நாலு மணிக்கு வாங்க. எல்லாருக்கும் போடுவேன், அதுல உங்களுக்கும் உண்டு."

அவர் பலகையைப் படித்தார். வேலையைப் பற்றி அதற்குமேல் கேட்கவில்லை, கிளம்பிப் போய்விட்டார். அக்கா உள்ளே வந்து, விட்ட இடத்திலிருந்து அண்டாவைத் தேய்க்க ஆரம்பித்தாள்.

நாலு மணிக்கு அவள் இரண்டு தட்டுத் தட்டியபோது, அவர் சாவிக்காரருக்குப் பின்னால் நின்றிருந்தார். முன்னால் விடட்டுமா என்று நான் அக்காவைக் கண்ணால் கேட்டேன். வரிசையிலேயே வரட்டும் என்றாள்.