கடைசி வாரமும் கடைவாய்ப் பல்லும்

தெருவில் அவருக்குப் பெயர் 'எழுபது வாரம்'. பிழைப்பு ஃபிரிட்ஜ் ரிப்பேர். வயிறு திறந்து கிடக்கும் ஃபிரிட்ஜுகளுக்கு நடுவில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, பைபிளில் தானியேல் தீர்க்கதரிசி எழுதிவைத்த எழுபது வாரங்களுக்கு விளக்கம் சொல்லிக்கொண்டிருப்பார். சாமானைக் கொடுத்தவர்கள் வாசலில் கால் மாற்றி நிற்பார்கள். அவர்களைச் சமாளிப்பது அவர் மனைவியின் தலையெழுத்து. பகலெல்லாம் சலவைக் கடையில் பிறத்தியார் துணியில் கறை எடுத்துவிட்டு, போகிற வழியில் புருஷன் கடையில் ஏறி, நாளைக்கு முடிந்துவிடும் என்று பொய் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போவாள்.

கல்யாணமான புதிதில் அவளும் வாயைப் பிளந்து கேட்டவள்தான். வாரம் என்றால் ஏழு நாள் இல்லை, ஏழு வருஷம்; எருசலேமைத் திரும்பக் கட்ட ராஜா கட்டளையிட்டதிலிருந்து எண்ண வேண்டும்; அறுபத்தொன்பது வாரம் முடிகிறபோது மேசியாவாக இயேசு வருவார். அதுவரைக்கும் கணக்கு லட்சணமாக இருந்தது. உலகம் முடிகிற அந்த எழுபதாவது வாரம் எப்போது என்று கேட்டதும் குரலைத் தாழ்த்திக்கொண்டார். நடுவில் ஓர் இடைவெளியாம். எவ்வளவு பெரிய இடைவெளி என்றாள். இரண்டாயிரம் வருஷம் இருக்கும் என்றார், கூசாமல். மொத்தக் கணக்கே ஐந்நூறு வருஷம் தேறாது. துணியைவிடக் கிழிசல் பெரிது என்றால் அதை எவனாவது சட்டை என்று மாட்டுவானா?

வேதத்தின் மேல் அவளுக்கு ஒரு குறையும் இல்லை. சொந்த ஊர் பாழாய்க் கிடக்கிறதே என்று உபவாசமிருந்து அழுத தானியேல் என்ற மனுஷனுக்கு வந்த பதில் அது. அதைக் கொண்டுவந்து இந்த ஆள் பஸ் நேர அட்டவணையாக்கிவிட்டார் என்பதுதான் அவள் எரிச்சல்.

ஜெபக் கூட்டத்தில் இவருக்கு ஒரு போட்டி உண்டு, ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். பாரசீகத்துக் கோரேஸ் ராஜாவின் கட்டளையிலிருந்துதான் எண்ண வேண்டும் என்பார் அவர். இல்லை, அர்தசஷ்டா ராஜாதான் என்பார் இவர். செத்து மண்ணாய்ப் போன இரண்டு ராஜாக்களுக்காக இரண்டு கிழங்களும் பல வருஷம் முகத்தைத் திருப்பிக்கொண்டு திரிந்தன.

அப்புறம் ஒருநாள், இடைவெளி தீர்ந்தது, அடுத்த வருஷம் கடைசி வாரம் ஆரம்பம் என்று கூட்டத்தில் அறிவித்தார். அன்றிலிருந்து வீட்டில் ஒரு வேலை நடக்கவில்லை. கூரை ஒழுகினால் வாளி வைக்கச் சொன்னார். மகளுக்கு நர்சிங் படிப்பில் இடம் கிடைத்தது.

"மூணு வருஷப் படிப்பாம்மா? கடைசி வாரம் தொடங்கினதும் ஆண்டவர் நம்மள மேல எடுத்துக்குவாரே, படிப்பு பாதியில நின்னுடுமே. வீட்ல இரு, ஜெபம் பண்ணு" என்றார்.

மகள் இரண்டு நாள் சோறு இறங்காமல் கிடந்தாள். அம்மாக்காரி அப்போதும் புருஷனை எதிர்த்துப் பேசவில்லை. ஒருவேளை அந்த ஆள் சொல்வது சரியாக இருந்துவிட்டால் என்ற பயம் எங்கோ ஒரு மூலையில் ஒட்டிக்கொண்டிருந்தது.

அந்தப் பயத்தைப் பிடுங்கியது பல் டாக்டர்தான். புருஷனுடைய கடைவாய்ப் பல் ஒன்று ஆடி விழுந்து, புண்ணும் ஆறியிருந்தது. துணைக்கு அவளும் போய்ப் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்தாள். கழற்றி மாட்டுகிற பல் போதுமா, எலும்பில் பதித்து நிரந்தரமாக வைக்கட்டுமா என்று டாக்டர் கேட்டார்.

"நிரந்தரமாவே வெச்சிடுங்க டாக்டர். எத்தனை வருஷம் வரும்?"

"நல்லா பாத்துக்கிட்டா இருபது வருஷம் வரும்."

"அதுக்கு மேல தாங்குற மாதிரி எதுவும் இல்லையா?"

அவள் புருஷன் முகத்தைப் பார்த்தாள். வெட்கமா, தடுமாற்றமா, ஒரு மண்ணும் இல்லை. பிளந்த வாயோடு சாவகாசமாக மேல்கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். உலகம் முடிவது ஊராருக்கும் பெற்ற மகளுக்கும்தான். இவருடைய கடைவாய்ப் பல்லுக்கு இல்லை. அவளுக்குக் கோபம்கூட வரவில்லை. சாப்பாட்டுத் தட்டில் கரப்பான் பூச்சியைக் கண்டதுபோல் இருந்தது.

அவரை நாற்காலியிலேயே விட்டுவிட்டு வெளியே வந்தாள். வீட்டுக்குப் போய் மகளைக் கிளப்பி, நேரே நர்சிங் கல்லூரிக்குக் கூட்டிப்போய்ச் சேர்த்துவிட்டாள். சாயங்காலம் வாயில் பஞ்சோடு வந்தவரிடம் விஷயத்தைச் சொன்னாள். அவர் கையை ஆட்டி ஏதோ முனகினார்.

"உங்க பல்லுக்கு இருபது வருஷம் இருக்குல்ல? அதுல என் பொண்ணுக்கு மூணு வருஷம் குடுங்க, போதும்" என்றாள்.

அடுத்த வருஷம் வந்தது, போனது. நம்பி வந்தவர்கள் காறித் துப்புவார்கள், இந்த ஆள் வெளியே தலைகாட்ட முடியாது என்று அவள் எதிர்பார்த்திருந்தாள். ஒன்றும் நடக்கவில்லை. தொடங்க வேண்டிய ராஜாவைத் தவறாக எடுத்துவிட்டேன், கோரேஸ்தான் சரி என்று அவர் பணிவாக ஒப்புக்கொண்டார். வாத்தியார் எழுந்து வந்து கட்டிப்பிடித்துக்கொண்டார். தொடக்கம் எங்கேயோ நகர்ந்ததே, மேசியா வருகிற கணக்கு உதைக்காதா என்று ஒருத்தர் கேட்கவில்லை. கடைசி வாரத்தை எவ்வளவு தள்ளிப்போட்டாலும் நீண்டுகொடுக்கத்தான் அந்த இடைவெளி இருக்கிறதே. கூட்டம் முன்பைவிடப் பெருத்தது. அன்றைக்கு அவர்களையும் சேர்த்தே அவள் கை கழுவினாள்.

ஆராதனைக்குப் போவதை மட்டும் நிறுத்தவில்லை. கடைசி வரிசையில் உட்காருவாள். அவர் பேச எழுந்தால் இவள் எழுந்து வெளியே போய்விடுவாள். அவரும் பார்த்தார், ஏன் என்று கேட்டதில்லை.

மகள் படித்து முடித்து வேறு ஊர் ஆஸ்பத்திரியில் வேலைக்குப் போனாள். அங்கேயே வந்துவிடும்படி போனில் அம்மாவைக் கூப்பிட்டாள். அப்பாவை இவ்வளவு வெறுத்துக்கொண்டு ஏன் அங்கே கிடக்க வேண்டும் என்று கேட்டாள்.

"வெறுக்கணும்னாலும் ஆள்கிட்ட ஏதாவது சரக்கு இருக்கணும்டி" என்றாள் அம்மா. பிறகு, இந்த வாரம் பகல் ஷிப்டா, நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா என்று விசாரிக்கத் தொடங்கினாள்.