தேயிலைப் பைக்குள் போன பெட்டி

குன்னூருக்குக் கீழே ஒரு எஸ்டேட். தொழிலாளர்களின் லைன் வீடுகளுக்கு மேலேயுள்ள சரிவில் மண்ணின் ஈரத்தை அளக்கும் கருவியைப் புதைத்தது நான்தான். அது தன் அளவை ரேடியோ வழியாகப் பக்கத்திலுள்ள சிக்னல் பெட்டிக்கு அனுப்பும். அது அடுத்த பெட்டிக்கு. கடைசியில் ஃபேக்டரியில் என் லேப்டாப்புக்கு வரும். ஈரம் வரம்பைத் தாண்டினால் மண் சரியலாம்; வீடுகளைக் காலி செய்ய வேண்டும்.

அன்று விடாத மழை. காலையிலிருந்து மேல்சரிவின் அளவைச் சுமந்துவரும் தகவல் பாக்கெட் ஒன்றுகூட வரவில்லை.

"காலி பண்ணச் சொல்லட்டுமா, வேண்டாமா?" மேனேஜர் போனில் மறுபடியும் கேட்டார்.

போன மழையில் சும்மா கிளப்பிவிட்டோம் என்று ஜனங்களுக்குக் கோபம். இன்னொரு முறை அப்படி ஆனால், நிஜமாகச் சரியும் நாளில் யாரும் நகர மாட்டார்கள்.

வரிசையாகப் பார்த்தேன். மேல்சரிவுக்கும் ஃபேக்டரிக்கும் இடையே மரத்தில் மாட்டியிருந்த நடுப்பெட்டி எப்போதாவது ஒரு பாக்கெட் அனுப்பியது. அதில் பேட்டரி அளவு சரியாகவே இருந்தது. மழையும் மூடுபனியும் சிக்னலைக் குறைக்கின்றனவா? இன்னும் தூரத்திலிருந்த மற்ற பெட்டிகள் அதே மழையில் ஒழுங்காக அனுப்பிக்கொண்டிருந்தன. அப்படியானால் கோளாறு நடுப்பெட்டியில்தான். மேலே ஏறினேன்.

சில்வர் ஓக் மரத்தில் பெட்டியைக் காணோம். அந்த இடத்தில் தேயிலைத் தூள் நிரப்பும் பை ஒன்று, கயிற்றால் இறுக்கிக் கட்டியிருந்தது. அவிழ்க்கப் போனேன்.

"ஏனுங்க அம்மிணி, அவுக்காதீங்க! நனஞ்சிரும்!"

கீழிருந்து ஓடி வந்தவர் லைனின் முதல் வீட்டு அக்கா. "விடிஞ்சதும் நாந்தான் கட்டுனேன். டீத்தூளே நமுக்காத பைங்க அது."

அந்தப் பையின் உள்பக்கம் அலுமினியத் தாள். ஈரம் உள்ளே போகாது; ரேடியோ அலையும் வெளியே வருவது அரிது.

"பெட்டி நனையாதுக்கா. இதைச் சுத்துனா சிக்னல் போகாது."

"அதைச் சொன்னாத்தானுங்க தெரியும்? வாரீங்க, மரத்த அண்ணாந்து பாக்குறீங்க, போறீங்க. சாமி கும்புட வந்தாப்புல."

 பையை அறுத்தெடுத்தேன். கருவி சேமித்து வைத்திருந்த அளவுகள் பெட்டி வழியாக ஒவ்வொன்றாக என் போனுக்கும் வந்தன. ஒன்றைவிட அடுத்தது கூடுதல். கடைசி மூன்றும் வரம்பைத் தாண்டியிருந்தன.

மேனேஜருக்குப் போன் செய்து, "காலி பண்ணச் சொல்லுங்க சார், இப்பவே," என்றேன்.

அக்கா நகரவில்லை. "போன தடவையும் இப்படித்தான் ஓடுனோம். ஒரு கல்லுகூட உருளல."

"அப்ப நான் பயந்து சொன்னேன். இப்ப அளவு வந்திருக்குக்கா. மேல மண்ணு ஊறிப்போச்சு."

என் முகத்தை ஒரு கணம் பார்த்தார். பிறகு சரிவில் இறங்கிக்கொண்டே கத்தினார். "வெளிய வாங்கடி! புள்ளைங்கள மொதல்ல தூக்குங்க!"

இருட்டுவதற்கு முன்பே மண் இறங்கியது. அக்கா வீட்டுச் சமையல்கட்டை மூடிக்கொண்டு நின்றது. உள்ளே யாரும் இல்லை.