அக்காவின் ‘உம்’

மேடையேறியதும் அக்கா முதலில் செய்த காரியம், ஒலிவாங்கியின் கழுத்தைப் பிடித்துத் தன் வாய்க்கு நேரே இறக்கியதுதான். அவளுக்கு முன்னால் பேசிய பையன் நெட்டையன். இறக்கும்போது அது கீச்சென்று கத்தியது. முன்வரிசையில் இருந்த நடுவர் ஒருவர் காதைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அக்காவும் சிரித்தாள். பிறகு நிமிர்ந்து நின்று மண்டபத்தை ஒரு முறை பார்த்தாள். பின்வரிசையில் அப்பாவுக்குப் பக்கத்துக் கதிரையில் உட்கார்ந்திருந்த எனக்கு, அவள் என்னைத்தான் தேடுகிறாள் என்று தோன்றியது.

கண்டியில் சட்டத்தரணிகளும் வியாபாரிகளும் சேர்ந்து வைத்திருந்த ஒரு சங்கம் உயர்தர வகுப்பு மாணவர்களுக்காக நடத்திய பேச்சுப் போட்டி அது. தலைப்பு, ‘அரசியலமைப்பும் நானும்’. சிங்களம், தமிழ், ஆங்கிலம் என்று மூன்று மொழிகளிலும் தனித்தனியாக முதற்சுற்று நடத்தி, மூன்றிலும் முதலாவதாக வந்தவர்களை ஒரே மேடையில் பேச வைத்தார்கள். அந்த மூவரில் ஒருவருக்குச் சட்டப் படிப்பு முடியும்வரை புலமைப்பரிசில். தமிழ்ச் சுற்றில் அக்கா முதலாவதாக வந்திருந்தாள். முதன்முதலாகச் சட்டம் படிக்க வேண்டும் என்று அவள் சொன்னபோது எங்கள் வீட்டில் யாரும் சிரிக்கவில்லை, ஆனால் யாரும் பதிலும் சொல்லவில்லை. அப்பா மாநகர சபையில் தண்ணீர்க் குழாய் திருத்துகிறவர். கட்டுகஸ்தோட்டையில் கடைவரிசைக்குப் பின்னால் ஒரு வாடகை வீட்டில் இருந்தோம். அந்தப் புலமைப்பரிசில் மட்டும் கிடைத்துவிட்டால் பதில் சொல்ல வேண்டிய தேவையே இருக்காது என்று எல்லோரும் மனதுக்குள் நினைத்துக்கொண்டோம்.

அக்கா என்னைவிட ஒரு வயது மூத்தவள். வீட்டில் ஒத்திகைக்கு நான்தான் நடுவர். மேசையில் ஒரு கோப்பையைத் தட்டி நேரம் முடிந்தது என்று சொல்லுவேன். அதனால் அவளுடைய பேச்சு எனக்கும் மனப்பாடம். தாத்தாவில் இருந்து அவள் தொடங்குவாள். இந்த நாட்டிலேயே பிறந்து, இந்த நாட்டுத் தேயிலையையே பறித்து, பேரப்பிள்ளைகளைக் கண்ட பிறகுதான் தாத்தாவுக்குப் பிரஜாவுரிமை கிடைத்தது. அங்கிருந்து அரசியலமைப்புக்கு வருவாள். சிங்களம் அரசகரும மொழி என்று அதில் இருக்கிறது, தமிழும் அரசகரும மொழி என்று பின்னால் சேர்க்கப்பட்டது. அந்தத் ‘தமிழும்’ என்ற சொல்லில் இருக்கிற ‘உம்’தான் அவள் பேச்சின் உயிர். ‘அந்த “உம்” ஒரு கதவு. அது திறந்திருக்கிறதா, திறந்திருப்பதுபோல் வரையப்பட்டிருக்கிறதா?’ என்று கேட்டு நிறுத்துவாள். அந்த இடத்தில் எத்தனை தடவை கேட்டாலும் எனக்குப் புல்லரிக்கும். தாத்தாவின் ‘உம்’, அப்பாவின் ‘உம்’, தன்னுடைய ‘உம்’ என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு போய், ‘நானும் இந்த நாட்டின் பிரசை’ என்று முடிப்பாள்.

போட்டியன்று காலை மண்டபத்துக்குப் போனபோது வாசலிலேயே சங்கத்தின் செயலாளர் எங்களை நிறுத்தினார். நல்ல மனிதர்போலத்தான் தெரிந்தார், சிரித்த முகம். தமிழ் தெரிந்த நடுவர் ஒரு சாவு வீட்டுக்குப் போய்விட்டார், வேறு ஆள் கிடைக்கவில்லை, ஆனால் பிரச்சினை இல்லை என்று சிங்களத்தில் சொன்னார். மகள் விரும்பினால் சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ பேசலாம். தமிழில் பேசினாலும் பரவாயில்லை, குரலையும் நிற்கிற விதத்தையும் தன்னம்பிக்கையையும் பார்த்துப் புள்ளி போடுவார்கள்.

அக்காவுக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு எங்களோடு வந்திருந்த டீச்சரிடம் திரும்பிக் கேட்டாள்.

“நான் என்னா சொல்றேன்னு தெரியாமலா டீச்சர் மார்க் போடுவாங்க?”

டீச்சர் யாழ்ப்பாணத்துக்காரர், கண்டியில் பல காலமாகப் படிப்பிக்கிறவர். அவருக்கும் முகம் சிவந்துதான் போயிருந்தது. ஆனாலும் குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

“இப்ப சண்டை பிடிக்கிற நேரமில்லைப் பிள்ளை. ஏலுமெண்டா சிங்களத்திலயே சொல்லன்.”

“தமிழுக்கு உரிமை இருக்குன்னு சிங்களத்துலயா டீச்சர் போய்ச் சொல்றது?”

டீச்சர் அப்பாவைப் பார்த்தார். அப்பாதான் அவள் தோளைத் தொட்டார். “போய்ப் பேசும்மா. எப்பவும் போலப் பேசு. மத்தத அவங்க பாத்துக்குவாங்க” என்றார். அவர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்பது அப்பாவின் வாழ்நாள் நம்பிக்கை. குழாய் உடைந்த வீட்டுக்காரர்கள் அவரிடம் ‘நீங்க பாத்துக்குங்க’ என்று சொல்லிவிட்டு உள்ளே போவார்கள் என்பதால் அவருக்கு அந்தச் சொல்லில் ஒரு மரியாதை இருந்ததோ என்னவோ.

அக்கா எப்பவும் போலத்தான் தொடங்கினாள். தாத்தா வந்தார், தேயிலை வந்தது, அரசியலமைப்பு வந்தது. ‘உம்’ என்ற இடம் வந்ததும் வழக்கம்போல் நிறுத்தினாள். எனக்குப் புல்லரித்தது. ஆனால் அவள் பார்த்துக்கொண்டிருந்தது முன்வரிசையை. நடுவர்கள் மூவரும் மிக அன்பாகச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். குழந்தை பாடுவதைப் பார்த்துச் சிரிக்கிற சிரிப்பு. ஒருவர் தலையை வேறு ஆட்டினார். தாத்தாவுக்கு நாடில்லாமல் போனதைச் சொன்னபோதும் அவர் அப்படியேதான் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார்.

அந்த நிறுத்தம் ஒத்திகையில் இருந்ததைவிட நீண்டது. மறந்துவிட்டாளோ என்று அடுத்த வரியை நான் வாய்க்குள் சொல்லிப் பார்த்தேன். பிறகு அவள் வலது கையை உயர்த்தினாள். குரல் முன்பைவிட ஓங்கி வந்தது.

“பெரியோர்களே! இன்று காலை எங்கள் வீட்டில் ரொட்டி சுட்டோம்! கோதுமை மாவை எடுத்தோம். அதிலே தேங்காய்ப்பூவைச் சேர்த்தோம். உப்பைச் சேர்த்தோம். பச்சை மிளகாயை யாருடைய அனுமதியும் இல்லாமல் சேர்த்தோம்! ரொட்டியும் இருந்தது, சம்பலும் இருந்தது. அந்த ‘உம்’மைக் கவனியுங்கள், நடுவர்களே! சம்பலும்!”

மண்டபத்தில் தமிழ் விளங்குகிறவர்கள் ஒரு கைப்பிடிதான். எங்களுக்கு முன்னால் இருந்த இரண்டு முஸ்லிம் மாணவிகள் முதலில் களுக்கென்று சிரித்தார்கள். அக்கா தொடர்ந்து பேசப் பேச அவர்களுடைய சிரிப்பு நின்றுவிட்டது. ரொட்டி கருகியதை அவள் கண்ணீர்க் குரலில் சொன்னாள். தேநீருக்குச் சீனி போதாமல் போனதை முஷ்டியை மடக்கிச் சொன்னாள். எல்லாம் சரியான ஏற்ற இறக்கத்தில், சரியான நிறுத்தங்களோடு. நான் கோப்பையைத் தட்டித் தட்டிப் பழக்கிய அதே நிறுத்தங்கள். கடைசியில் கைகூப்பி, “ஆகவே ரொட்டியை ஆறுவதற்குள் சாப்பிட வேண்டும் என்று கூறி விடைபெறுகிறேன்” என்றாள்.

மண்டபம் எழுந்து நின்று கைதட்டியது.

அப்பா எழவில்லை. மடியில் கைகளை வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தபடி இருந்தார். அவருடைய வெள்ளைச் சட்டையின் கழுத்து வேர்வையில் நனைந்திருந்தது நினைவிருக்கிறது.

முதலிடம் அக்காவுக்குத்தான். பிரதம நடுவர் ஒலிவாங்கியை வாங்கி, தனக்கு இந்த மொழியில் ஒரு சொல்லும் தெரியாது, ஆனால் இந்தப் பிள்ளை பேசிய ஒவ்வொரு சொல்லும் தன் மனதைத் தொட்டது என்று உருகிச் சொன்னார். மனங்கள் சேர்வதற்கு மொழி தடையில்லை என்றும் சொன்னார். அதற்கும் கைதட்டினார்கள். அவர் பொய் சொன்னதாக நான் இன்றுவரை நினைக்கவில்லை. உண்மையாகவே அவர் மனம் தொடப்பட்டிருக்கிறது. அதுதான் எனக்குத் தாங்க முடியாமல் இருக்கிறது. எங்களைக் கேட்காமலே எங்களுக்காக உருக முடிகிற ஒரு மனதிடம் எதைக் கொண்டுபோய்ச் சொல்வது?

அக்கா தனக்கு ஒரு நிமிடம் பேச வேண்டும் என்று மேடையிலேயே கேட்டாள். தேநீர் ஆறுகிறது, கீழே போய்ப் பேசலாம் என்றார்கள். கீழே தேநீர் மேசைக்குப் பக்கத்தில் செயலாளரைப் பிடித்து, தனக்குத் தெரிந்த கடைச் சிங்களத்தில், தான் பேசியதில் பாதி ரொட்டி சுடுவதைப் பற்றியது என்று சொன்னாள். ஏன் அப்படிப் பேசினாள் என்றும் சொன்னாள். அவர் பகிடி என்று நினைத்துச் சிரித்தார். அவள் சிரிக்காததைப் பார்த்ததும் அவர் முகம் மெல்ல மெல்ல மூடிக்கொண்டது. டீச்சர் ஓடி வந்து அவள் கையைப் பிடித்து இழுத்தார். “என்ன வேலை செய்தனீ பிள்ளை? வாயை மூடிக்கொண்டு வந்திருந்தா உனக்கல்லோ அந்தப் படிப்பு” என்றவரின் குரல் உடைந்துவிட்டது. இப்போது நினைத்தால் அவர் அழுதது கோபத்தினால் இல்லை என்று தெரிகிறது.

அடுத்த வாரமே பாடசாலையில் விசாரணை. அதிபரின் அறையில் செயலாளர், பிரதம நடுவர், கூடவே கோட் அணிந்த ஒரு கனவான். அவர் மொழிபெயர்ப்பாளர். போட்டிக்குக் கிடைக்காத ஆள் விசாரணைக்குக் கிடைத்திருந்தார். போட்டியன்று எடுத்த ஒளிப்பதிவைப் போட்டுக் கேட்டு, அக்கா பேசியதைச் சிங்களத்தில் தட்டச்சு செய்து கொண்டு வந்திருந்தார். மாவு, தேங்காய்ப்பூ, உப்பு, பச்சை மிளகாய் எல்லாம் வரிசையாக இருந்தன. பெற்றோருடன் வரலாம் என்றதால் அப்பாவோடு நானும் போய்ச் சுவரோரம் நின்றேன். முழுவதையும் அவர் வாசித்து முடித்தபோது அக்கா கேட்டாள், முன் பாதி எங்கே என்று. தேவைப்பட்ட பகுதியை மட்டும் செய்யச் சொன்னார்கள் என்றார் மொழிபெயர்ப்பாளர். தமிழில், மிகவும் பணிவாகச் சொன்னார்.

மேடையை அவமதித்ததற்கு மன்னிப்புக் கேட்டால் பரிசைப் பற்றி யோசிக்கலாம் என்றார்கள். அதிபர் பாடசாலையின் பெயரைப் பற்றிப் பேசினார். அக்கா நிமிர்ந்து நின்று, “முன் பாதியையும் வாசிங்க. வாசிச்ச பிறகு மன்னிப்புக் கேக்கிறேன்” என்றாள். அவ்வளவுதான் அவள் கேட்டது. அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அதற்கு நேரமில்லை என்றார் செயலாளர்.

அப்போதுதான் அப்பா முன்னால் போனார். கையைக் கூப்பிக்கொண்டு, மகள் சின்னப் பிள்ளை, தெரியாமல் செய்துவிட்டாள், நான் மன்னிப்புக் கேட்கிறேன் என்று சரளமான சிங்களத்தில் சொன்னார். அந்த அறையில் எல்லோருக்கும் ஒரே தடவையில் விளங்கிய பேச்சு அது ஒன்றுதான். பிரதம நடுவர் எழுந்து அப்பாவின் தோளைத் தட்டிக்கொடுத்தார். சில நாட்கள் கழித்து, பரிசு இரண்டாவதாக வந்தவருக்குப் போய்விட்டது என்று அதிபர் அக்காவைக் கூப்பிட்டுச் சொன்னார்.

அக்கா அப்பாவிடம் கோபித்துக்கொள்ளவில்லை. கோபித்திருந்தால் ஒருநாள் அது ஆறியிருக்கும். வேண்டியதற்கு மட்டும் பேசினாள். பரீட்சை எழுதினாள். சட்ட பீடத்துக்குப் புள்ளி போதவில்லை. கண்டியில் ஒரு மருந்துக் கடையில் சில காலம் வேலைக்கு நின்றாள். கடுகண்ணாவையில் அரைத்த மிளகாய்த் தூள் விற்கிற கடை வைத்திருப்பவரைக் கல்யாணம் செய்துகொண்டு போனாள். அப்பா மூன்று வருடத்துக்கு முன் இறந்தபோது வந்து எல்லாக் காரியங்களையும் ஒழுங்காகச் செய்தாள். மகளைச் சிங்கள மொழிமூல வகுப்பில் சேர்த்திருக்கிறாள். ஏன் என்று நான் கேட்டதற்கு, “அவளாவது கேக்கிறவங்களுக்கு விளங்குற மாதிரிப் பேசட்டும்டி” என்றாள். அதில் குத்தல் இருந்ததா இல்லையா என்று என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை.

போன மாதம் கடையின் அனுமதிப்பத்திர அலுவலாக அவள் ஒரு அரச அலுவலகத்துக்குப் போக வேண்டியிருந்தது. நானும் கூடப் போனேன். வாசலில் பெயர்ப்பலகை மூன்று மொழியிலும் இருந்தது. எங்களுக்கு முன்னால் தோட்டத்தில் இருந்து வந்த ஒரு வயதான அம்மா. புருசன் செத்த பிறகு தன் பெயரில் வர வேண்டிய கொடுப்பனவு நின்றுவிட்டது என்பதைச் சொல்லப் பார்த்தார். மேசையில் இருந்த இளைஞனுக்குத் தமிழ் தெரியாது. தமிழ் தெரிந்தவர் இன்று விடுமுறை, இன்னொரு நாள் வரச்சொல் என்று அவன் பொதுவாக வரிசையைப் பார்த்துச் சிங்களத்தில் சொன்னான்.

நான் அக்காவைப் பார்த்தேன். இப்போது அவளுடைய சிங்களம் யாராலும் குறை சொல்ல முடியாத சிங்களம். அவள் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஒரு வார்த்த சொல்லி விடேன்க்கா. பாவம்.”

“நான் சொன்னா, இவங்க ஆபீசுக்குத் தமிழ் ஆள் இருக்குன்னு ஆயிரும்” என்றாள். திரும்பவேயில்லை.

எனக்கு மனம் கேட்கவில்லை. நானே போய்ச் சொன்னேன். இரண்டு நிமிட வேலை. அந்த இளைஞன் கதிரையை இழுத்துப்போட்டு அந்த அம்மாவை உட்கார வைத்தான். அலுவல் முடிந்ததும் எனக்கு மனதார நன்றி சொன்னான். அந்த அம்மா என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, “நல்லா இருப்ப தாயி” என்றார். எனக்கும் நிறைவாகத்தான் இருந்தது.

பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தோம். அக்கா பாதையைப் பார்த்தபடியே, “நல்ல பையன். இனி அந்த மேசைக்கு ஒரு தமிழ் ஆளு வேணும்னு அவன் யாருகிட்டயும் கேக்க மாட்டான்” என்றாள்.

பஸ் வந்தது. ஏறும்போது என் கைப்பையை வாங்கித் தானே வைத்துக்கொண்டாள். ஜன்னலோரத்தில் என்னை உட்கார வைத்தாள். கண்டி வரும்வரை நாங்கள் வேறெதையோ பேசிக்கொண்டு வந்தோம்.