மந்திரிக்கு முதுகு காட்டாத கச்சேரி

கச்சேரிக்கு முந்தின நாள், ஒத்திகை நடுவில், கச்சேரி நடத்தும் சங்கத்தின் செயலாளர் திருநாராயணன் மேடையேறி என்னிடம் ஒரு சந்தேகம் கேட்டார்.

"ஏன்ரீ, இந்த டிமெல்லோ நாளைக்கும் இப்படியேதான் நிக்கப்போறாரா?"

டிமெல்லோ எங்கள் மைசூர் அரண்மனை ஆர்க்கெஸ்ட்ராவின் கண்டக்டர். கையில் குச்சியோடு எங்களைப் பார்த்து நின்றிருந்தார். அது அவர் தொழில்.

"வேற எப்படி ஸார் நிக்கறது?"

"முதல் வரிசைல மந்திரி உக்காந்திருப்பார். கச்சேரி பூரா அவருக்கு முதுகைக் காட்டிண்டு நிக்கறதா? மகாராஜா எதிர்ல யாராவது திரும்பி நடந்திருக்காளா?"

மகாராஜா ஆண்டவரை மேடைக்குப் பக்கவாட்டில் இருந்த மாடத்திலிருந்து கேட்பார். முதுகுத் தொல்லை வந்ததில்லை. இப்போது ராஜ்யம் போய், முதுகுச் சட்டம் மட்டும் மந்திரிகளுக்கு மாற்றலாகி வந்திருந்தது. மைசூருக்குச் சுதந்திரம் வந்ததை நான் உணர்ந்தது அன்றுதான்.

சிரிக்க வழியில்லை. எங்களைச் சர்க்கார் வைத்துக்கொள்வதா, கலைப்பதா என்பதைக் கச்சேரி கேட்டபின் சொல்வதாக மந்திரி அறிவித்திருந்தார். நான் செகண்ட் வயலினில் கடைசி நாற்காலி. என் வாசிப்புக்குப் பக்கத்துச் சிற்றூர் நஞ்சன்கூட்டில்கூட வேலை கிடைக்காது.

டிமெல்லோவைச் சபையைப் பார்த்து நின்று குச்சி ஆட்டச் சொன்னார் திருநாராயணன்.

"அப்ப நீங்களே ஆட்டுங்க" என்று குச்சியை நீட்டினார் டிமெல்லோ.

நான் சும்மா இருந்திருக்கலாம். "மந்திரியை எங்களுக்குப் பின்னால, மேடையிலேயே உக்கார வச்சுட்டா, கண்டக்டர் அவரைப் பாத்துதானே நிப்பார்" என்றேன். கேலிக்குத்தான். சர்க்கார் சம்பந்தப்பட்ட இடத்தில் கேலி பேசக்கூடாது, உத்தரவாகிவிடும்.

மறுநாள் எங்களுக்குப் பின்னால், டிம்பனி என்கிற பெரிய முரசுக்குப் பக்கத்தில் சோபா போட்டு மந்திரியை உட்கார்த்தினார்கள். ஊரே தன்னைப் பார்ப்பதில் அவருக்குப் பரம திருப்தி. பிறகு, எங்களோடு வாசிக்க ஐரோப்பாவிலிருந்து வந்த பேர்போன வயலின் வித்வான் மேடைக்கு வந்தார். சோலோ வாசிப்பவர் சபையைப் பார்த்துத்தானே நிற்பார்? நின்றார். அவர் முதுகு நேராக மந்திரிக்கு.

படுதா மறைவிலிருந்து திருநாராயணன் என் காதில் முனகினார்: "போச்சுரீ. டிமெல்லோ முதுகுக்குப் பதிலா வெள்ளைக்காரன் முதுகு."

"அவரையும் திருப்பிடலாமா ஸார்?"

"வாயை மூடும்."

வித்வான் வாசித்ததை எடைபோட எனக்குத் தகுதியில்லை. அன்று எங்கள் பிழைகள்கூடச் சுருதியோடு விழுந்தன. முன்வரிசைப் பெரிய மனிதர்கள் அவரைப் பார்க்கவில்லை. மந்திரி ரசிக்கிறாரா என்று பார்த்து, அதன்படி தலையாட்டினார்கள். மந்திரி தூங்கினார். அவர்களும் கண்ணை மூடிக்கொண்டார்கள். டிம்பனி அடித்தபோது அத்தனை பேரும் சேர்ந்து விழித்தார்கள்.

கடைசியில் வித்வான் சபையை வணங்கினார். பிறகு, அவர்கள் வழக்கப்படி, கூட வாசித்த எங்கள் பக்கம் திரும்பி இடுப்பு வளையக் குனிந்தார். மந்திரி அது தனக்குத்தான் என்று எழுந்து, நிதானமாகக் கைகூப்பினார். மந்திரி எழுந்ததால் சபையும் எழுந்தது. கைதட்டலில் கூரை அதிர்ந்தது.

இறங்கும்போது மந்திரி திருநாராயணனிடம் கன்னடத்தில் சொன்னது எனக்கும் கேட்டது: "பாத்தீரா, துரை எவ்வளவு குனிஞ்சான்? எங்க அப்பா அவங்களுக்குக் குனிஞ்சே கூன் விழுந்து போனார். இந்தக் கோஷ்டி இருக்கட்டும்."

இந்தத் தொழிலுக்கு வரும் இளைஞர்களுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான்: பெரிய வித்வான் ஒருவர் ஆயுளில் ஒருமுறை உங்களை வணங்கக்கூடும். அந்த வணக்கம் மேலிடத்துக்குப் போய்ச் சேரட்டும் என்று விட்டுவிட்டு, குனிந்து வயலினைத் துடையுங்கள். என் கடைசி நாற்காலி இன்றுவரை அப்படித்தான் நிலைத்திருக்கிறது.